ஆனைச்சுவடியா, வேறு செடியா? பூ வரும்வரை பொறுங்கள்!

‘எங்கள் தோப்பில் பலா மரத்து நிழலில், தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு ஒரு செடி பரவுகிறது. இலை முள்ளங்கி இலை மாதிரி இருக்கிறது, தொட்டால் சொரசொரக்கிறது. மகன் இது பார்த்தீனியம் வகை, களைக்கொல்லி அடித்துவிடலாம் என்கிறான். மாமியார் இது ஆனைச்சுவடி, அந்தக் காலத்தில் கஷாயம் வைத்துக் குடிப்போம் என்கிறார். மலைச்சரக்கு வாங்க வந்த வியாபாரி, வேரோடு பிடுங்கிக் காயவைத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். யார் சொல்வது சரி?’

தென்காசி மாவட்டத்தின் மலையடிவார ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி ஆவணி மாதம் கேட்ட கேள்வி இது. ஒன்றரை ஏக்கர் நிலம். பாதி தென்னை, மீதி மாமனார் காலத்து மா, பலா, நெல்லி. கடிதத்தோடு ஐந்து இலைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பியிருந்தார். நான்கு நாள் தபாலில் கிடந்து, வந்து சேர்ந்தபோது அவை கறுத்து அழுகிப்போயிருந்தன. கைப்பேசியில் வந்த படத்திலோ மேலிருந்து எடுத்த இலைவட்டம் மட்டும்தான். ஆனைச்சுவடியாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, பூக்கும்வரை மருந்தும் அடிக்க வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம் என்றுதான் அப்போது அவருக்குப் பதில் போனது. அந்தப் பதிலில் அவருக்கு அவ்வளவு திருப்தி இல்லை. வியாபாரி அவசரப்படுத்துகிறார், பூ எப்போது வரும் என்று திருப்பிக் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தச் செடியைப் பொறுத்தவரை அவசரப்பட்டவர்கள்தான் ஏமாந்திருக்கிறார்கள்.

இலை சொல்வது பாதிதான்

ஆனைச்சுவடி மர நிழலை விரும்பும் செடி. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரக் காடுகளிலும், கொல்லிமலை போன்ற மலைகளிலும், கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களிலும், ஒற்றையடிப் பாதைகளின் ஓரங்களிலும் இதைப் பார்க்கலாம். இலைகள் தண்டிலிருந்து மேலே எழாமல், வேரின் தலைப்பிலிருந்தே கிளம்பி நான்கு பக்கமும் மண்ணில் படிந்து கிடக்கும். ஈரமண்ணில் யானை ஒரு காலை ஊன்றி எடுத்த தடம்போல வட்டமாக இருப்பதால்தான் இந்தப் பெயர். மலையாளத்திலும் ஆனச்சுவடிதான். மலாய் மொழியில் ‘துத்துப் பூமி’, அதாவது நிலத்தை மூடி, என்பார்கள். டச்சுக்காரர் வான் ரீட் மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றித் தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்’ நூலின் 10-ஆம் தொகுதியில், 1690-இலேயே இந்தப் பெயரோடு படம் வரைந்து போட்டிருக்கிறார்கள். பின்னால் வந்த தாவரவியல் பெயரான ‘எலிஃபன்டோபஸ் ஸ்கேபர்’ என்பதற்கும் பொருள் அதுவே: முதல் சொல் யானைக் கால், இரண்டாவது சொரசொரப்பு.

இலை ஒரு சாண் நீளம்வரை வரும். அடிப்பக்கம் குறுகி, நுனிப்பக்கம் அகன்று, அகப்பை போலிருக்கும். ஓரத்தில் மழுங்கலான பற்கள். இரண்டு பக்கமும் விறைப்பான வெள்ளை மயிர். விரலால் அடியிலிருந்து நுனிக்கும், நுனியிலிருந்து அடிக்கும் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு நன்றாகத் தெரியும். பிடுங்கப் போனால் லேசில் வராது. குட்டையான அடிக்கட்டையிலிருந்து கயிறு கயிறாகத் தடித்த வேர்கள் மண்ணைக் கவ்விக்கொண்டிருக்கும்.

பார்த்தீனியம் என்று மகன் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. பார்த்தீனியமும் இளம்பருவத்தில் இப்படித்தான் தரையோடு வட்டமாகப் படரும். ஆனால் அதன் இலை கேரட் இலை போல ஆழமாகப் பிளந்து பிளந்து இருக்கும். ஆனைச்சுவடி இலை பிளவுபடாத முழு இலை. பார்த்தீனியம் வெயில் விரும்பி. ரோட்டோரம், தரிசு, குப்பைமேடு என்று திறந்த இடத்தில்தான் செழிக்கும். அடர்ந்த பலா நிழலில் அது தலையெடுப்பது அரிது. இந்த இரண்டையும் இலையை வைத்தே பிரித்துவிடலாம்.

சிக்கல் வேறு செடிகளால் வருகிறது. காட்டுமுள்ளங்கி என்று சில ஊர்களில் சொல்லப்படும் ப்ளூமியா ஒன்று உண்டு. பூக்காத இளஞ்செடியில் அதன் அடி இலைகளும் வட்டமாக, மயிர் படர்ந்து, பல் வைத்த ஓரத்தோடு இருக்கும். கைப்பேசிப் படத்தில் பார்த்தால் அனுபவப்பட்டவர்களே தடுமாறுவார்கள். கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். ப்ளூமியா இலை மிருதுவாக, லேசான பிசுபிசுப்போடு இருக்கும். நசுக்கினால் கற்பூரத்தையும் டர்பன்டைனையும் கலந்தாற்போல ஒரு காட்டமான வாடை அடிக்கும். ஆனைச்சுவடியில் அந்த வாடை கிடையாது.

பெயரால் வரும் குழப்பம்

இலைக் குழப்பத்தைவிடப் பெரியது பெயர்க் குழப்பம். நாட்டு மருந்துக் கடையில் ‘ஆனை’ என்று தொடங்கும் எதைக் கேட்டாலும் முதலில் வருவது ஆனைநெருஞ்சில். அது முற்றிலும் வேறு செடி, வேறு குடும்பம். மணல் பாங்கான நிலத்தில் சுள்ளென்ற வெயிலில் வளரும், மஞ்சள் பூ, நான்கு முள் வைத்த காய். அதன் பச்சை இலையையோ தண்டையோ தண்ணீரில் விட்டுக் கலக்கினால், தண்ணீர் வெண்டைக்காய்ச் சாறு போல வழவழவென்று கெட்டிப்படும். ஆனைச்சுவடியைக் கலக்கினால் அப்படி ஆகாது. ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு கொத்து இலையும் இருந்தால் போதும், இந்தக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டையுமே நீர்க்கடுப்புக்கு உபயோகிக்கும் வழக்கம் இருப்பதால்தான் ஒன்று இன்னொன்றின் இடத்தில் நுழைகிறது.

சமஸ்கிருதப் பெயரில் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. ‘கோஜிஹ்வா’ என்றால் பசுவின் நாக்கு. தென்னாட்டில் அந்தப் பெயரில் ஆனைச்சுவடியைக் கொடுப்பார்கள். வடக்கே அதே பெயரில் வருவது இமயமலைப் பக்கத்து ஆனோஸ்மா என்ற செடி. இரண்டு இலையும் சொரசொரப்பு என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. ஆங்கிலப் பெயரில் கைப்பேசியில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. யானைக்கால் என்று ஆங்கிலத்தில் தட்டினால் சேனைக்கிழங்குதான் முதலில் வந்து நிற்கும்!

பூவைப் பார்த்தால் சந்தேகம் இல்லை

ஆனைச்சுவடி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபரிலிருந்து ஜனவரிவரை பூக்கும். வாசகியின் தோப்பில் தீபாவளி மழைக்குப் பிறகு இலைவட்டத்தின் நடுவிலிருந்து தண்டு கிளம்பியது. ஒரு முழம், ஒன்றரை முழம் உயரம். விறைப்பான தண்டு இரண்டாகப் பிரிந்து, அந்தக் கிளை ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து போகும். தண்டில் இலை மிகக் குறைவு, அதுவும் சின்னது. ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு பூங்கொத்து.

அந்தக் கொத்தின் அடியில் பாருங்கள். இதய வடிவத்தில் மூன்று பச்சை இலைகள், ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலத்துக்குள், கொத்தைக் கையில் ஏந்தியது போல மூன்று பக்கமும் நிற்கும். காய்ந்த பிறகும் அவை உதிராமல் விறைத்துக்கொண்டு இருக்கும். மர நிழலில் இலைவட்டம், இரண்டிரண்டாகக் கிளைக்கும் தண்டு, கொத்துக்குக் கீழே மூன்று இதய இலை: மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஆனைச்சுவடிதான். ஒன்று குறைந்தாலும் யோசிக்க வேண்டும்.

இது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி, வெட்டுக்காயப் பூண்டு, பார்த்தீனியம் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சின்னப் பூக்கள் சேர்ந்த தலை. சூரியகாந்தியில் ஓரத்துப் பூக்கள் இதழ் போல நீண்டிருக்கும். ஆனைச்சுவடியில் அந்த ஓர இதழ்ப் பூக்கள் கிடையாது. ஒரு தலையில் பெரும்பாலும் நான்கே பூக்கள், ஊதா நிறம், சில இடங்களில் வெளிர் ஊதா அல்லது வெள்ளை. ஒவ்வொரு பூவின் மடல்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளங்கை விரித்தாற்போல வெளிப்பக்கம் விரியும். நான்கு பூவும் நான்கு திசை பார்ப்பதால் தூரத்தில் ஒரே பூ மாதிரி தெரியும். ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் நான்கு என்பது புரியும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குக் காட்டினால் ரசிப்பார்கள். காட்டுமுள்ளங்கியின் பூ மஞ்சள். மூன்று இதய இலையும் அதில் இல்லை.

கார்த்திகையில் அந்த வாசகி மறுபடி எழுதினார். இந்த முறை இலை அழுகவில்லை. முழுச்செடியை நாளிதழில் மடித்துக் காயவைத்து அனுப்பியிருந்தார். ஒன்றல்ல, இரண்டு செடி. பலா மரத்தடியில் இருந்தது சந்தேகமில்லாமல் ஆனைச்சுவடி. வேலியோரம் வெயில் படும் இடத்தில் இருந்தது மஞ்சள் பூவோடு காட்டுமுள்ளங்கி. மூன்று மாதமாக வீட்டில் எல்லோரும் ஒரே செடியென்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். மாமியார் கஷாயத்துக்கென்று பறித்து வைத்திருந்த கட்டில் இரண்டு இலையும் கலந்திருந்ததாம். அதைவிட அவர் எழுதியிருந்த இன்னொன்று கவனிக்க வேண்டியது. வியாபாரி வந்தபோது, ‘அண்ணாச்சி, இதுல ரெண்டு எல கெடக்கு பாத்தீயளா?’ என்று கேட்டிருக்கிறார். ‘காஞ்சா எல்லாம் ஒண்ணுதாம்மா’ என்று அவர் சாக்கைக் கட்டிவிட்டாராம். பக்கத்துத் தோப்புகளில் அப்படித்தான் சாக்கு சாக்காகப் போயிருக்கிறது.

அந்தச் சாக்கைப் பிரித்து யார் வீட்டில் யார் குடிக்கப் போகிறார்கள் என்பதை வியாபாரியும் அறியமாட்டார்.

மாதிரி அனுப்புவது எப்படி?

இதழுக்கு வரும் செடிக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் சொல்ல முடியாமல் போவதற்குக் காரணம், பிளாஸ்டிக் பையும் ஒற்றை இலையும்தான். வேர், இலை, தண்டு, பூ, முடிந்தால் காய் எல்லாம் உள்ள ஒரு முழுச்செடி வேண்டும். மண்ணை உதறிவிட்டு, செய்தித்தாள் மடிப்புக்குள் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். ஓர் இலையை மட்டும் திருப்பி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். மேலே கனமான பலகையோ நெல் மூட்டையோ வைக்கலாம். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். பத்து நாளில் காய்ந்துவிடும். காய்ந்த பூவில் நிறம் மங்கிவிடுமாதலால் பறித்த அன்றே நிறத்தை ஒரு சீட்டில் எழுதிவிடுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, நிழலா வெயிலா, செடி எவ்வளவு உயரம் என்பதும் அதே சீட்டில் இருக்கட்டும்.

படம் அனுப்புவதானால் ஒன்று போதாது. மேலிருந்து இலைவட்டம், பக்கவாட்டில் முழுச்செடி, இலையின் அடிப்பக்கம், பூங்கொத்தைக் கீழிருந்து. பக்கத்தில் ஒரு நாணயம் வைத்தால் அளவு தெரியும்.

மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் முதலில் காட்டலாம். அங்கே தீராவிட்டால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே இந்திய தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. பல தலைமுறைகளாகச் சேகரித்த காய்ந்த செடிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் இடங்கள் இவை.

களையா, விடலாமா?

தேயிலை, ரப்பர் தோட்டங்களில் இதைக் களை என்றே எடுக்கிறார்கள். இலை தரையோடு படிந்து கிடப்பதால் அடியில் புல் முளைக்காது. ஆடு மாடும் இதை எளிதில் கடித்து இழுக்க முடியாது. அதனால் மேய்ச்சல் மிஞ்சிய இடத்தில் புல் குறையக் குறைய இது கூடும். தீவனத்துக்கென்று விட்ட நிலத்தில் அதிகமாகத் தெரிந்தால், மேய்ச்சலைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

தென்னந்தோப்பில் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் வட்டப்பாத்தியை, அதாவது உரமும் நீரும் போகும் இடத்தை, எப்படியும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அங்கே வந்தால் கொத்திவிடலாம். இடைவெளியிலும் மரத்தடிச் சரிவிலும் இருந்தால் மழையில் மண் அரிப்பைத் தடுக்கும். இதற்குப் போய்க் கிளைபோசேட் அடிப்பது வேண்டாத வேலை. அது ஆனைச்சுவடியை மட்டும் பார்த்துக் கொல்லாது. பச்சையாக உள்ள எல்லாவற்றையும் கொல்லும். அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்களைத் தவிர மற்றவர்கள் உபயோகிக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையும் போட்டது. கடையில் கிடைக்கிறது என்பதற்காக வீட்டிலிருப்பவர்கள் கைத்தெளிப்பானில் ஊற்றிக்கொண்டு போவது சரியல்ல.

மருந்து என்று குடிப்பவர்களுக்கு

பேதி, காய்ச்சல், நீர்க்கடுப்பு என்று பலதுக்கும் இதைச் சொல்வார்கள். மாமியார் சொன்னது கற்பனை அல்ல. மலையடிவார ஊர்களில் பழைய வழக்கம்தான். இதிலுள்ள கசப்புப் பொருட்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களின் மீது சோதித்தும் இருக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் வைத்துச் சோதித்தது மனிதருக்குக் கொடுக்கும் மருந்தாகிவிடாது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, புற்றுநோய்க்கு இலைப்பொடி என்று விற்கிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரி சிகிச்சையை நிறுத்திவிட்டு அந்தப் பொடியை நம்புவதைவிட ஆபத்து வேறில்லை.

இன்னொன்றையும் பலர் அறிந்திருப்பதில்லை. பார்த்தீனியம் பட்டால் தோல் அரித்துத் தடிக்கும் விவசாயிகள் நிறையப் பேர். அந்த அரிப்பை உண்டாக்கும் பொருள்வகை சூரியகாந்திக் குடும்பத்தின் பல செடிகளில் இருக்கிறது, ஆனைச்சுவடியிலும்தான். பார்த்தீனிய ஒவ்வாமை உள்ளவர்கள் இதைக் கையுறை இல்லாமல் பிடுங்குவதும் அரைத்துப் பூசுவதும் வேண்டாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் கஷாயத்தைத் தொடவே வேண்டாம். மற்றவர்களும் அரசு ஆஸ்பத்திரி சித்த மருத்துவரிடம் செடியைக் காட்டி, சரியான செடிதானா, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்ட பிறகே குடிக்க வேண்டும். பாம்புக்கடிக்கு இதை அரைத்துக் கட்டும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் விஷம் ஏறும் நிமிஷம். நேரே விஷமுறிவு ஊசி உள்ள அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

பிடுங்கி விற்பதானால்

பட்டா நிலத்தில் முளைத்ததை விற்பது வேறு. காப்புக்காட்டுக்குள் போய்ப் பிடுங்குவது வனச்சட்டப்படி குற்றம். வியாபாரி அதைச் சொல்லமாட்டார், பிடிபடும்போது கூட நிற்கவும் மாட்டார். சொந்த நிலத்திலும் பூத்து, விதை முற்றி, கொத்து பழுப்பேறிய பிறகே எடுக்க வேண்டும். அப்போதுதான் அடையாளமும் உறுதியாகும், அடுத்த வருஷத்துக்கு விதையும் விழும். மூன்று செடிக்கு ஒன்றையாவது விட்டுவைக்க வேண்டும். பூங்கொத்தோடு சேர்த்தே காயவைத்துக் கட்டினால், வாங்குகிறவர் எந்தக் கடையில் பிரித்தாலும் மூன்று இதய இலையைப் பார்த்துச் செடியை உறுதி செய்துகொள்ளலாம்.

வாசகி அப்படித்தான் சொல்லியிருக்கிறார். தை மாதம் விதை விழுந்த பிறகு வாருங்கள், பூவோடு கட்டித் தருகிறேன், கிலோவுக்கு என்ன விலை என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள் என்று. வேலியோரத்துக் காட்டுமுள்ளங்கியை மகன் மண்வெட்டியால் கொத்தி எடுத்துவிட்டான். மாமியார் தம் கட்டைப் பிரித்து, இலை இலையாக நசுக்கி முகர்ந்து பார்த்துப் பாதியை எருக்குழியில் போட்டிருக்கிறார். மாசி பிறந்துவிட்டது. பலா மரத்தடியில் கொத்துகள் காய்ந்து நிற்கின்றன. வியாபாரி இன்னும் வரவில்லை.